இன்னும் ரெண்டு பாயிண்ட்

மார்ச் 3, திங்கள்

காலையில் முகச்சவரம் செய்துகொண்டேன். அதற்குள் ரிக் வண்டிப் பக்கம் கிசுகிசு கிளம்பிவிட்டது. சமையல்கார அங்கப்பன் டீயை நீட்டிவிட்டு என் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டார்.

தீபாவளி முடிந்ததும் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பியவர்கள் நாங்கள். துளை போடும் ரிக் வண்டி ஒன்று, கம்ப்ரசர் வண்டி ஒன்று, ஜீப் ஒன்று, மேனேஜர் என்ற பெயரில் நான், என்னோடு ஒன்பது பேர். மத்தியப் பிரதேசத்தில் பேதுல் பக்கம் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறோம். எப்போது ஊர் திரும்புவோம் என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: இன்னும் ரெண்டு பாயிண்ட். பாயிண்ட் என்றால் குழி போடக் குறித்துக் கொடுத்த இடம். அந்த ரெண்டு முடிந்தால் மறுபடியும் ரெண்டு. சில வருடம் சித்திரையில் திரும்பியிருக்கிறோம், சில வருடம் ஆனியில். தேதியைச் சொன்னால் ஆள் இங்கேயும் மனசு அங்கேயுமாக ஆகிவிடும் என்பது எனக்கு முன்னால் மேனேஜராக இருந்தவரின் கணக்கு. இருபது வருடமாக நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வாயைத் திறக்காததால் இவர்கள் என்னைப் பஞ்சாங்கமாக வைத்துக்கொண்டார்கள். முடி வெட்டினால் ஊருக்கு. ஜீப்பைக் கழுவினால் ஊருக்கு. போன வருடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஊருக்குப் போகாவிட்டால் இந்த மனுஷன் பல்லுக்கெல்லாம் செலவு செய்வானா என்று மூட்டை கட்டிவிட்டார்கள். சிரிக்கக்கூட முடியவில்லை, வாய் நிறையப் பஞ்சு.

மார்ச் 8

நானூற்று இருபது அடி. வெறும் புழுதி. தண்ணீரை நான் எடுத்து ஒளித்து வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தோட்டத்துச் சொந்தக்காரர் என்னை முறைத்தார்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. வேலை இல்லை. நல்லதம்பியின் முகம் ஊதா நிறத்தில் இருக்கிறது. அவன்தான் எங்கள் டிரில்லர். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறான். லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், ராடு அதிர்வதை வைத்தே கீழே கல்லா மண்ணா என்று சொல்லிவிடுவான். வயது முப்பத்தேழு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருடத்தில் எட்டு மாதம் வடக்கே கிடப்பவனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்.

மத்தியானம் மலர்க்கொடிக்குப் போன் செய்தேன். மகள் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான், துணைக்கு ஓர் எருமை. என்ன குழம்பு என்றேன். கொள்ளு என்றாள். அப்புறம் எப்போதும் கேட்பதைக் கேட்டாள், எப்போது வருவீர்கள் என்று. பார்க்கலாம் என்றேன். செரி என்று போனை வைத்தவள் அணைக்க மறந்துவிட்டாள். பாத்திரம் துலக்குவது, எருமையை வைவது, கதவைச் சாத்துவது எல்லாம் கேட்டது. பதினேழு நிமிடம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பையன்கள் பார்த்தால் மொதலாளி பேசுகிறார் என்று நினைக்கட்டும் என்று இரண்டு தடவை "சரிங்க, சரிங்க" என்றும் சொல்லி வைத்தேன்.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 19

கல்லைத் துளைக்கும் பிட்டுக்குச் சாணை பிடிக்க பேதுல் டவுனுக்குப் போனேன். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். கடைத்தெருவில் நடந்தேன். மாந்தளிர் நிறத்தில் ஒரு சேலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டேன். எப்போது கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜீப் சீட்டுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அங்கப்பன்தான் காய்கறி மூட்டையை இறக்கினார். அவர் எதையும் கவனிக்கிற ஆள் இல்லை.

மார்ச் 24

நான்கு நாளாக வேலை பறக்கிறது. இரண்டு நாள் பாயிண்ட்டை ஒன்றரை நாளில் முடிக்கிறார்கள். போன வாரம் ராடு அடுக்குவதில் மந்தமாக இருக்கிறார்கள் என்று ஒரு சத்தம் போட்டேன், அது நன்றாக ஏறியிருக்கிறது. மேனேஜர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அளவாகப் பேச வேண்டும், பேசினால் உறைக்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

நல்லதம்பி மீசைக்குச் சாயம் பூசியிருக்கிறான். ஊருக்குப் போகும் நாக்பூர் ரோட்டில் பால வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டான். ம் என்றேன். சீட்டியடித்துக்கொண்டு போனான். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நான் ஒன்று கேட்டால் அவனும் ஒன்று கேட்பான்.

ஏப்ரல் 2

மொதலாளி போன் செய்தார். பதினெட்டுக் கிராமங்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய்க் கிணறு, மொத்தமாக நமக்கே கிடைத்திருக்கிறதாம். மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஜூன் நடுவில்தான் ஊர்.

"ஆளுககிட்டச் சொல்லிப்போடாத அர்த்தநாரி. மொத்தமாச் சொன்னா மலைச்சுப் போயிருவாங்க. ரெண்டு ரெண்டாச் சொல்லு."

எனக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும். சரிங்க என்றேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். சித்திரையில் கூப்பிட்டுவிடுவார் என்று நானும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மலர்க்கொடி தானே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு தெளிவு. நல்லதம்பியின் அம்மா வந்து அழைத்துவிட்டுப் போனாராம். சங்ககிரிப் பக்கம் பெண் அமைந்திருக்கிறது, இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உறுதி வார்த்தை.

"வண்டி பதினாறாந்தேதிக்குள்ள வந்துருமாமா. ஊரே சொல்லுது. எங்கிட்டச் சொல்லோணும்னு மட்டும் உங்களுக்குத் தோணலையாக்கும்."

குறைதான் சொன்னாள், ஆனால் குரல் சிரித்தது. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாளாம். என் செருப்பைத் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். இல்லை மலர், நான் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ம் என்றுதான் வந்தது.

ஏப்ரல் 7

அங்கப்பனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். நெளிந்தார். அப்புறம் சொன்னார்.

"சேலையப் பாத்தனுங்க. மேனேஜரு பொஞ்சாதிக்குச் சேல வாங்கினா வேற என்னங்க அர்த்தம்? ஒம்பது பேரும் ஊட்டுக்குச் சொல்லிப்போட்டமுங்க."

அதனால்தான் வேலை பறந்திருக்கிறது. என் சத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதலில் என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் இன்னும் ரெண்டு பாயிண்ட் என்பீர்கள் என்றார்.

ஏப்ரல் 8

இன்று எல்லோரிடமும் உடைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். கம்ப்ரசர் சத்தத்தில் எங்கே பேசுவது.

ஏப்ரல் 9

கம்ப்ரசர் பெல்ட் அறுந்துவிட்டது. நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ராடு நுனியில் கல்லை உடைக்கும் ஹேம்மர் குழிக்குள் சிக்கிக்கொண்டது.

மேல்மண் இளகியிருக்கும் இடத்தில் முதலில் பக்கமண்ணைத் தாங்கும் கேசிங் பைப்பை நன்றாக இறக்கி, அது கல்லைத் தொட்ட பிறகுதான் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கமண் சரிந்து ராடையும் ஹேம்மரையும் கவ்விக்கொள்ளும். வண்டியில் ஏறிய முதல் நாள் கற்றுக்கொள்ளும் பாடம். நல்லதம்பி அதைச் செய்யவில்லை. இருபது அடி பைப் பாக்கி இருக்கும்போதே போதும் என்று துளைக்க ஆரம்பித்துவிட்டான். நூற்றெண்பது அடியில் மண் விழுந்தது. ஹேம்மர் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இழுத்த வேகத்தில் சங்கிலி அறுந்து அங்கப்பனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி அடித்தது. சோற்றுப் போசியோடு வந்துகொண்டிருந்தார். போசி போயிற்று, ஆள் தப்பித்தார்.

ஹேம்மர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

மத்தியானம் இரண்டு மணிக்கு ஹேம்மர் வெளியே வந்தது. வந்ததும் நல்லதம்பியைப் பிடித்துக்கொண்டேன். மற்ற எட்டுப் பேர் முன்னாலும் கத்தினேன். பன்னிரண்டு வருட டிரில்லர் செய்கிற வேலையா, என்ன அவசரம், யார் உன்னை விரட்டினார்கள் என்றெல்லாம். குனிந்த தலையோடு கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பேசினான்.

"தப்புத்தானுங்ணா. பதினாறுக்குள்ள போகோணுமே, இன்னும் ரெண்டுதானே, முடிச்சுப் போடலாம்னு பாத்தனுங்க."

பதினாறு என்று நான் சொன்னேனா என்றேன்.

"நீங்க என்னைக்குங்ணா சொல்லியிருக்கீங்க? பன்னெண்டு வருசமா உங்க மூஞ்சியப் பாத்துத்தானே எந்தப் பக்கம் போறோம்னு தெரிஞ்சுக்கறோம்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் சும்மா சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அங்கப்பன் நசுங்கின போசியைக் கையில் வைத்திருந்தார்.

எல்லோரையும் கம்ப்ரசர் வண்டி நிழலில் உட்காரச் சொன்னேன். நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். பதினெட்டுக் கிராமம். ஊர்ப் பெயர்கள். மழை ஜூன் பதினைந்தை ஒட்டி வரும், அதற்குள் முடிக்க வேண்டும். ஜூன் பதினெட்டாம் தேதி திருச்செங்கோட்டில் வண்டி நிற்கும். எங்கெங்கே பாறை எப்படி என்று எனக்குத் தெரியாது, அதையும் சொன்னேன். இது ஒன்பது நாளாக எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

கம்ப்ரசர் டிரைவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். நல்லதம்பி கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கிரீஸ் போன பிறகும் துடைத்தான். மலைத்துப் போய்விடுவார்கள் என்று மொதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. ஒருவன் எழுந்தான். அந்தப் பதினெட்டு ஊரின் பெயரையும் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான். சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து ஊர் இருக்கிறதே, முதல் மழைக்கே அங்கே வண்டி இறங்காதே, அதை முதலில் முடித்துவிட்டால் என்ன என்றான். அங்கேயே தரையில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. என் வாயை மட்டும்தான் மூடி வைத்திருக்கிறேன் என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 12

நல்லதம்பியின் விஷயம் தனி. மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல் உறுதி இல்லை என்கிறார்களாம் பெண் வீட்டார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தள்ளி வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றான் அவன். வேண்டாம், பதினாறாம் தேதி ரயிலில் போ, இருபத்தைந்தாம் தேதி இங்கே இரு என்றேன். லீவர் யார் பிடிப்பது என்றான். நான் பிடிக்கிறேன், மேனேஜர் ஆவதற்கு முன்னால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். நம்பாமல் என் தொப்பையைப் பார்த்தான்.

மொதலாளிக்குப் போன் செய்து இரண்டையும் சொன்னேன். குதித்தார். இனிமேல் எனக்கும் தேதியைச் சொல்லுங்கள், நான் இவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். ஜூன் பதினெட்டு என்பதே நான் போட்ட கணக்கு, வேலை கொடுத்த கான்ட்ராக்டர் அவரிடம் ஒன்றும் சொல்வதில்லையாம். "பாக்கலாம்னுதான் சொல்றாம்ப்பா அவனும்" என்றார். பாவமாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்பது பேரிடம் சொல்லிவிட்டேன், மொதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தியிடம் சொல்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

வரவில்லை மலர், ஜூன் பதினெட்டுத்தான் என்றேன். கேட்கிறதா என்றேன். கேட்கிறது என்றாள். பஜனை மடத்துப் பெண்கள் மே மாதம் காசிக்குப் போகிறார்களாம். இவளும் பெயர் கொடுத்திருந்தாளாம். நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டதும் தன் இடத்தை வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். நான் வீட்டில் இருக்கும் மாதத்தில் அவள் எதற்கு வெளியே போவது என்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போயிட்டு வந்திருப்பனுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இந்தத் தடவை போனை ஒழுங்காக அணைத்துவிட்டாள்.

ஏப்ரல் 16

நல்லதம்பியை ரயில் ஏற்றினேன். சேலையை அவன் பையில் வைத்து, பெண்ணுக்குக் கொடு என்றேன். அண்ணிக்கு வாங்கினது என்று தயங்கினான். அது கிளப்பிய வதந்திக்கு அது உன்னோடு போவதுதான் நியாயம் என்றேன். மலர்க்கொடிக்கு நான் கொடுக்க வேண்டியது வேறு, அது கடையில் கிடைப்பதில்லை.

ஏப்ரல் 18

இருபது வருடம் கழித்து லீவர். தோள்பட்டை கழன்றுவிட்டது. முந்நூற்றுப் பத்தடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்து நான் தலையோடு நனைந்தேன். பையன்கள் கைதட்டினார்கள். கிண்டலாகத்தான்.

ஏப்ரல் 21

உறுதி வார்த்தை நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். நல்லதம்பி போனில் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். மலர்க்கொடி போயிருந்தாளா என்று கேட்டேன். வந்திருந்தார்கள், பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினார்கள் என்றான். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றான். பொய் சொல்லத் தெரியாத பயல்.

ஏப்ரல் 25

நல்லதம்பி சொன்ன தேதிக்குத் திரும்பிவிட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான்காவது ஊரில் இருக்கிறோம்.

மே 4, ஞாயிறு

மூன்று வாரமாக மலர்க்கொடியோடு ஒழுங்கான பேச்சு இல்லை. நான் கூப்பிடுவேன், சாப்பிட்டீர்களா என்பாள், சாப்பிட்டேன் என்பேன், செரி என்பாள். எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை. தேதி தெரிந்துவிட்டதே, கேட்கமாட்டாள். அந்தக் கேள்வி இல்லாமல் எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

இன்று அவளே கூப்பிட்டாள். காசிக்குப் போகிறவர்களில் ஒருத்திக்கு முட்டிவலி, அந்த இடம் இவளுக்கு வந்திருக்கிறது. பதினைந்தாம் தேதி ரயில். போய்விட்டு வா என்றேன். அப்புறம் கேட்டாள்.

"இத்தன வருசமா வடக்கன்னுதான் தெரியுமுங்க. நீங்க இருக்கற ஊரு பேரு என்னங்க?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். எந்த வருடமும் நான் சொன்னதில்லை. சொல்லி அவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று இருந்துவிட்டேன். பேதுல் ஜில்லா என்று ஆரம்பித்து ஊர்ப் பெயர், பக்கத்து ஊர், ரயிலடி, மூன்று மணி நேரத்தில் இட்டார்சி ஜங்ஷன், எல்லாம் சொன்னேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள். எழுதிக்கொள்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டாள். டூர் கூட்டிப்போகிறவரிடம் கேட்டாளாம். இட்டார்சியில் அந்த ரயில் பத்து நிமிடம் நிற்கும், பதினேழாம் தேதி மத்தியானம் மூன்று இருபதுக்கு.

மே 16

பையன்களிடம் சொன்னேன்: நாளை நான் இருக்கமாட்டேன், இட்டார்சி போகிறேன், என் வீட்டுக்காரியைப் பார்க்க, ஏழு மணிக்குத் திரும்பிவிடுவேன், ஊருக்குப் போகும் தேதியில் ஒன்றும் மாற்றமில்லை, ஜூன் பதினெட்டுத்தான். இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். ஒருவரும் மூட்டை கட்டவில்லை.

மே 17, சனி

நல்லதம்பிதான் ஜீப் ஓட்டினான். பதினோரு மணிக்கே போய்விட்டோம். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். இந்த நாற்பது நிமிடத்தில் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும் போல இருந்தது. நிற்கிற பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஸ்டேஷனில் கண்டவரையெல்லாம் கேட்டேன்.

வந்தது. அவள் சொன்ன பெட்டி சரியாக என் முன்னால் நின்றது. வாசலில் பஜனை மடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். முன்நெற்றியில் நரை கூடியிருக்கிறது. கையில் ஒரு தூக்குப்போசி. கறுத்துவிட்டீர்கள் என்றாள். லீவர் பிடித்தேன் என்றேன். எதற்கு இந்த வயதில் என்றாள். அத்தனை பெண்களும் வேடிக்கை பார்க்க, வேறென்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்று நிமிடம் போய்விட்டது.

"அன்னைக்கு ம்முன்னு சொன்னது தப்புத்தான் மலரு" என்றேன்.

அவள் தூக்குப்போசியை என் கையில் கொடுத்தாள். ஜூன் பதினெட்டுத்தானே என்று கேட்டாள். பதினெட்டு, மழை முந்தினால் பதினைந்து, இருபதைத் தாண்டாது, தாண்டுகிற மாதிரி இருந்தால் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டே என் சட்டையில் விட்டுப்போயிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். மேலே இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"நீங்க வராதது எனக்குப் பெரிசில்லீங்க" என்றாள். "எப்ப வந்து நிப்பீங்கன்னு தெரியாம, தெனமும் ரெண்டு பேருக்கு ஒலை வெப்பனுங்க. அதுதான்."

ரயில் ஊதியது. ஏறிக்கொண்டாள். கூடவே நடந்தேன், அப்புறம் கொஞ்ச தூரம் ஓடினேன், தொப்பை விடவில்லை. வருடத்துக்கு எட்டு மாதம், இருபத்தாறு வருடம். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவள் ஒரு கை அரிசி கூடுதலாகப் போட்டிருக்கிறாள், காலையில் அதை எருமைக்கு ஊற்றியிருக்கிறாள். ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நல்லதம்பி தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றான்.

ஜூன் பதினெட்டுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.